ஈஜேஎஸ் லைப்ரரியைத் தனித்து ஓடும் ஒற்றை ஃபைலாகக் கட்டுவது: முழுமையான வழிகாட்டி

ஒரு கடையின் ரசீதுப் பக்கம். அந்தக் கணினியில் இணையம் கிடையாது, சர்வர் கிடையாது, பிரவுசருக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட் கிடையாது. டெஸ்க்டாப்பில் கிடக்கும் எச்டிஎம்எல் ஃபைலை இருமுறை கிளிக் செய்தால் திறக்க வேண்டும்; பொருள் பட்டியலை டெம்ப்ளேட்டில் ஊற்றி அச்சுக்கு அனுப்ப வேண்டும். இதற்காகத்தான், டெம்ப்ளேட்டில் தரவை நிரப்பித் தரும் ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியான ஈஜேஎஸ்ஸை ஒரே ஸ்கிரிப்ட் ஃபைலாகக் கட்டினேன். அப்புறம் அதே வேலையைப் புதிதாக வந்த சிலரிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். எல்லோரும் முதல் வேலையாக, பல ஃபைல்களை ஒன்றாகக் கட்டும் கருவியான பண்ட்லரை ஓட்டினார்கள். எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே இடங்களில் மாட்டிக்கொண்டார்கள்.

இந்த வழிகாட்டியில் பண்ட்லர் ஆறாவது படியில்தான் வரும். லைப்ரரி எதையெல்லாம் சத்தமில்லாமல் நம்பி நிற்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் அதற்கு முந்தைய படிகள். அதைச் செய்துவிட்டால் மீதி வேலை அரை மணி நேரம்.

ஒரு குறிப்பு: கட்டளைகளையும் விருப்பப் பெயர்களையும் ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் தட்டும்போது வழக்கமான ஆங்கில எழுத்துகள்தான்.

1. உங்களுக்கு இது தேவையா என்று பாருங்கள்

ஈஜேஎஸ்ஸின் என்பிஎம் (நோட்டின் பேக்கேஜ் மேலாளர்) பேக்கேஜிலேயே பிரவுசருக்கான, மினிஃபை செய்த, அதாவது சுருக்கிய, ஃபைல் ஒன்று இருக்கிறது. ஒரு டெம்ப்ளேட் சரத்தைத் தரவோடு சேர்த்துக் காட்டுவது மட்டும்தான் தேவை என்றால் அதை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாம்.

சொந்தமாகக் கட்ட வேண்டியது எப்போது? தலைப்பு, அடிக்குறிப்பு போன்ற துணை டெம்ப்ளேட்டுகள் உள்ளேயே இருக்க வேண்டும். ரூபாய் வடிவமைப்பு போன்ற உங்கள் ஃபங்ஷன்களும் கூடவே வர வேண்டும். பயன்படுத்துபவருக்கு ஒரே ஒரு பெயர் மட்டும் தெரிய வேண்டும். இந்த மூன்றில் ஒன்றாவது இருந்தால் தொடருங்கள்.

தொடர்வதற்கு முன் இன்னொரு கேள்விக்கும் பதில் எழுதி வையுங்கள்: இது ஓடப்போகும் பக்கத்தில் எந்த ஸ்கிரிப்ட் ஓடலாம் என்று பிரவுசருக்குச் சொல்லும் உள்ளடக்கப் பாதுகாப்புக் கொள்கை, அதாவது சிஎஸ்பி, போட்டிருக்கிறார்களா? ஈஜேஎஸ் டெம்ப்ளேட்டை ஜாவாஸ்கிரிப்ட் உரையாக மாற்றி, அதிலிருந்து ஓடும்போதே புதிய ஃபங்ஷன் உருவாக்குகிறது. ஈவாலை, அதாவது உரையைக் கோடாக ஓட்டுவதைத் தடுக்கும் பக்கத்தில் அது நடக்கவே நடக்காது. குரோம் எக்ஸ்டென்ஷனின் மேனிஃபெஸ்ட் 3-லும் இதே கதைதான். அப்படிப்பட்ட இடம் என்றால் நேராக 10-ஆம் பிரிவுக்குப் போங்கள். நடுவில் உள்ள பாதி வேலை உங்களுக்கு வேண்டாம்.

2. முன்கூட்டியே வேண்டியவை

நோட், அதோடு வரும் என்பிஎம், ஒரு எடிட்டர், இரண்டு பிரவுசர்கள். பண்ட்லராக ஈஎஸ்பில்டை எடுத்துக்கொள்கிறேன். ரோலப்பிலும் செய்யலாம். ஆனால் ஈஜேஎஸ் 3.1 வரிசை, 'ரிக்வயர்' கொண்டு மற்ற ஃபைல்களை இழுக்கும் காமன்ஜேஎஸ் முறையில் எழுதப்பட்டது. ரோலப்பில் அதற்குத் தனித்தனி பிளகின்கள் வேண்டும்.

ஈஎஸ்பில்டை நிறுவும்போது எண்ணைத் துல்லியமாகப் பூட்டும் 'சேவ்-எக்ஸாக்ட்' விருப்பத்தைச் சேருங்கள். அது இன்னும் 0-வில் தொடங்கும் எண்களில்தான் வெளிவருகிறது; நடு எண் மாறினாலே நடத்தை மாறலாம். போன மாதம் கட்டிய ஃபைலை இன்று கட்டினால் வேறாக வரக் கூடாது.

ஈஜேஎஸ்ஸில் குறைந்தது 3.1.10 எடுங்கள். 3.1.6-இல் ஒரு விருப்பத்தின் பெயர் வழியாக வெளியாள் கோடை ஓட்டக்கூடிய ஓட்டை இருந்தது. அதை 2022-இல் 3.1.7 அடைத்தது. 3.1.10 புரோட்டோடைப் சார்ந்த இன்னொன்றுக்குக் காப்பு சேர்த்தது. ஒற்றை ஃபைலாகக் கட்டிக் கொடுத்துவிட்டால் அப்புறம் அதை யாரும் புதுப்பிக்கப் போவதில்லை. அதனால் கட்டும் நாளில் நல்ல பதிப்பு உள்ளே போக வேண்டும்.

ஃபோல்டரில் மூன்று உள்ஃபோல்டர்கள்: மூலம், வெளியீடு, சோதனை. இதற்கு மேல் அடுக்க வேண்டாம்.

3. லைப்ரரியைத் திறந்து படியுங்கள்

நோட்-மாட்யூல்ஸ் ஃபோல்டருக்குள் போய் ஈஜேஎஸ்ஸின் முதன்மை ஃபைலைத் திறந்து, 'ரிக்வயர்' என்ற சொல்லைத் தேடுங்கள். நான்கு வரிகள் கிடைக்கும்: எஃப்எஸ் (ஃபைல்களைப் படிக்க), பாத் (ஃபைல் பாதைகளைக் கையாள), அதன் சொந்த யூடில்ஸ் ஃபைல், அப்புறம் அதன் பேக்கேஜ்.ஜேசன்.

முதல் இரண்டும் நோட்டுக்கே உரியவை, பிரவுசரில் கிடையாது. நான்காவதைப் பார்த்துச் சற்றே நில்லுங்கள். பதிப்பு எண்ணைத் தெரிந்துகொள்வதற்காக மட்டும் லைப்ரரி தன் பேக்கேஜ்.ஜேசனை முழுதாக இழுக்கிறது. நீங்கள் ஒன்றும் செய்யாவிட்டால் அதன் சார்புப் பட்டியலும் ஸ்கிரிப்ட் கட்டளைகளும் உங்கள் வெளியீட்டு ஃபைலுக்குள் போய் உட்காரும். ஆபத்து இல்லை, சுமைதான்.

இப்போது 'விண்டோ' என்று தேடுங்கள். ஃபைலின் கடைசியில், விண்டோ இருந்தால் அதில் 'ஈஜேஎஸ்' என்ற பெயரில் தன்னைத் தானே ஒட்டிக்கொள்ளும் வரி இருக்கிறது. நீங்கள் எந்தப் பெயரில் கட்டினாலும் இந்தப் பெயரும் வெளியே கசியும் என்று பொருள். பக்கத்தில் ஏற்கெனவே வேறொரு ஈஜேஎஸ் இருந்தால் அதன் மேல் ஏறி உட்கார்ந்துவிடும்.

கடைசியாக 'டூஸ்ட்ரிங்' என்று யூடில்ஸ் ஃபைலில் தேடுங்கள். அங்கே ஒரு வெடி புதைந்திருக்கிறது. 7-ஆம் பிரிவில் எடுப்போம்.

4. எஃப்எஸ், பாத் இரண்டுக்கும் மாற்று

இந்தப் படியைத் தாண்டிக் குதித்தவர்கள் என்ன பார்த்தார்கள் என்று சொல்கிறேன். ஈஎஸ்பில்ட், எஃப்எஸ் கிடைக்கவில்லை என்று நின்றுவிடும். கூடவே, நோட்டுக்காகக் கட்டுகிறீர்களா, அப்படியென்றால் பிளாட்ஃபார்மை நோட் என்று கொடுங்கள் என ஒரு யோசனையும் சொல்லும். யோசனையைக் கேட்டால் சிவப்பு எழுத்துகள் மறைந்துவிடும், ஃபைலும் வந்துவிடும். பிரவுசரில் திறந்தால் முதல் வரியிலேயே, எஃப்எஸ்ஸை ஓடும்போது இழுக்க முடியாது என்ற பிழை. பிழை போய்விடவில்லை, உங்கள் மேசையிலிருந்து பயனர் மேசைக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். பிளாட்ஃபார்ம் 'பிரவுசர்' என்றே இருக்கட்டும்.

சரியான வழி: மூல ஃபோல்டரில் ஒன்றுமே இல்லாத ஒரு ஜேஎஸ் ஃபைலை வையுங்கள். ஈஎஸ்பில்டின் 'ஏலியஸ்' விருப்பத்தில் எஃப்எஸ், பாத் இரண்டையும் அந்த வெற்று ஃபைலுக்குத் திருப்புங்கள்.

வெற்று ஃபைல் என்பது முக்கியம். சிலர் 'நல்' மதிப்பைத் தரும் ஃபைல் எழுதுகிறார்கள். ஈஜேஎஸ் ஏற்றப்படும்போதே எஃப்எஸ்ஸின் ஃபைல் படிக்கும் ஃபங்ஷனை எடுத்துத் தன்னிடம் வைத்துக்கொள்கிறது. வெற்று ஆப்ஜெக்டிலிருந்து எடுத்தால் 'அன்டிஃபைன்ட்' வரும், வேலை தொடரும். நல்லிலிருந்து எடுத்தால் அங்கேயே விழும்.

பேக்கேஜ்.ஜேசன் சுமையை இறக்க வேண்டுமானால் பத்து வரியில் ஒரு ஈஎஸ்பில்ட் பிளகின்: ஈஜேஎஸ் ஃபோல்டரில் உள்ள பேக்கேஜ்.ஜேசனை ஏற்றும்போது குறுக்கே புகுந்து, பதிப்பு எண் மட்டும் உள்ள ஜேசனைத் திருப்பிக் கொடுப்பது. மற்றதெல்லாம் சரியாக ஓடிய பிறகு இதைச் செய்யுங்கள்.

5. நுழைவு ஃபைலை எழுதுங்கள்

ஈஜேஎஸ்ஸை நேரடியாகப் பண்டில் செய்யாதீர்கள். உங்கள் நுழைவு ஃபைல் ஒன்று அதை இம்போர்ட் செய்து, தேவையானதை மட்டும் வெளியே காட்டட்டும். நான் அதற்கு 'அச்சு' என்று பெயர் வைத்தேன்.

வெளியே காட்டுவதற்குப் பெயருள்ள எக்ஸ்போர்ட்டுகளையே பயன்படுத்துங்கள். டிஃபால்ட் எக்ஸ்போர்ட் போட்டால் 'அச்சு' என்ற ஆப்ஜெக்டுக்குள் 'டிஃபால்ட்' என்று இன்னொரு அறை உருவாகி, உங்கள் ஃபங்ஷன்கள் அதற்குள் போய்விடும். 'அச்சு.ரெண்டர் ஒரு ஃபங்ஷன் அல்ல' என்ற பிழையை நான் பார்த்த அளவுக்கு வேறெதையும் பார்க்கவில்லை.

அடுத்தது துணை டெம்ப்ளேட்டுகள். நோட்டில் 'இன்க்ளூட்' என்றால் டிஸ்கிலிருந்து ஃபைலைப் படிக்கும். பிரவுசரில் டிஸ்க் ஏது? ஈஜேஎஸ்ஸில் இதற்காக 'இன்க்ளூடர்' என்று ஒரு விருப்பம் இருக்கிறது. டெம்ப்ளேட்டில் கேட்ட பெயர் அதற்கு வரும். பதிலாக 'டெம்ப்ளேட்' என்ற புலத்தில் உரையை வைத்து ஓர் ஆப்ஜெக்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். நுழைவு ஃபைலில் பெயருக்கு உரை என்று ஒரு அட்டவணை. இன்க்ளூடர் அதில் பார்த்து எடுத்துக் கொடுக்கும். டெம்ப்ளேட் ஃபைல்களை உரையாக இம்போர்ட் செய்ய, அந்த நீட்சிக்கு ஈஎஸ்பில்டில் 'டெக்ஸ்ட்' லோடரைப் பொருத்தினால் போதும்.

இதில் மூன்று சின்னக் கண்ணிகள் உண்டு. துணை டெம்ப்ளேட்டின் பெயரைச் சாய்கோட்டில் தொடங்காதீர்கள்; தொடங்கினால் முழுப் பாதை என்று நினைத்து ஈஜேஎஸ் பாத் மாட்யூலைத் தேடும், நாம்தான் அதைக் காலி செய்துவிட்டோமே. ஃபைல் பெயரைச் சொல்லும் விருப்பத்தையும் கொடுக்காதீர்கள், அது எஃப்எஸ்ஸிடம் போகும். வெற்றுச் சரத்தைத் துணை டெம்ப்ளேட்டாகக் கொடுத்தால் அப்படி ஒன்று இல்லை என்றே எடுத்துக்கொண்டு பிழை காட்டும். காலியாகத்தான் வேண்டும் என்றால் ஒரு இடைவெளியாவது வையுங்கள்.

விண்டோவில் கசியும் பெயருக்கு மருந்தும் இங்கேதான். பழைய மதிப்பை எடுத்து வைத்து, ஈஜேஎஸ் ஏறிய பின் திருப்பி வைக்க வேண்டும். ஆனால் எடுத்து வைக்கும் வரியை நுழைவு ஃபைலின் உச்சியில் எழுதிப் பயனில்லை. இம்போர்ட்டுகள் எல்லாம் அதற்கு முன்னரே ஓடிவிடும். எடுத்து வைப்பதைத் தனி ஃபைலாக எழுதி, அதை ஈஜேஎஸ்ஸுக்கு முன்னால் இம்போர்ட் செய்யுங்கள்.

6. இப்போது பண்ட்லரை ஓட்டுங்கள்

கொடுக்க வேண்டியவை: பண்டில் செய், ஃபார்மேட் 'ஐஐஎஃப்இ' (ஏற்றியதும் தானே ஓடும் ஒரே ஃபங்ஷனாகச் சுற்றுவது), குளோபல் நேம் 'அச்சு', பிளாட்ஃபார்ம் பிரவுசர், ஏலியஸ் இரண்டு, டார்கெட்டாக உங்கள் பயனரின் மிகப் பழைய பிரவுசர். மினிஃபை இப்போதைக்கு வேண்டாம்.

ஏன் ஐஐஎஃப்இ, ஏன் ஈஎஸ் மாட்யூல் இல்லை? நம் பக்கம் டிஸ்கிலிருந்து நேராகத் திறக்கிறது. அப்படித் திறந்த பக்கத்தில் மாட்யூல் ஸ்கிரிப்டை இன்னொரு ஃபைலிலிருந்து ஏற்றப் பார்த்தால் குரோம் கோர்ஸ் (வேறிடத்து ஃபைலை ஏற்றும் அனுமதி விதி) பிழை காட்டித் தடுத்துவிடும். பழைய பாணி ஸ்கிரிப்ட் டேகுக்கு அந்தத் தடை இல்லை. உள்ளூர் சர்வரில் வைத்துச் சோதித்தவர்களுக்கு இது கடைசி நாள் வரை தெரியாது.

டார்கெட் கொடுக்காவிட்டால் நீங்கள் எழுதிய புதிய இலக்கணம் அப்படியே வெளியே போகும். ஈஜேஎஸ் பழைய நடையில் எழுதப்பட்டது, அதில் சிக்கல் வராது. உங்கள் நுழைவு ஃபைலில் கைபோக்கில் எழுதிய கேள்விக்குறிப் புள்ளிதான் (?.) பழைய கணினியில் உடையும். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் கால ஈஎஸ்5-க்கு இறக்க வேண்டுமானால் ஈஎஸ்பில்ட் அதை முழுதாகச் செய்யாது. வேறு கருவி வேண்டும்.

7. மினிஃபை: எனக்கு அரை நாள் போன இடம்

முதலில் அந்த அறிகுறி. ரசீது சரியாக வந்தது. தமிழ் சரியாக வந்தது. துணை டெம்ப்ளேட் வந்தது. மினிஃபை போட்டேன், அப்போதும் எல்லாம் வந்தது. அப்புறம் ஒரு டெம்ப்ளேட்டை 'கிளையன்ட்' விருப்பத்தோடு கம்பைல் செய்து, அந்த ஃபங்ஷனைத் தனியாக எடுத்துப் பயன்படுத்தினேன். கன்சோலில், இரண்டே எழுத்துள்ள ஏதோ ஒரு பெயர் வரையறுக்கப்படவில்லை என்று ஒரு பிழை. அந்தப் பெயர் என் கோடில் எங்கும் இல்லை.

நடந்தது இது. கிளையன்ட் விருப்பம் கொடுத்தால் ஈஜேஎஸ், லைப்ரரியே இல்லாமல் ஓடக்கூடிய ஃபங்ஷனைத் தருகிறது. அதற்காக எஸ்கேப் செய்யும், அதாவது < போன்ற குறிகளைப் பாதுகாப்பான வடிவுக்கு மாற்றும், ஃபங்ஷனை டூஸ்ட்ரிங் மூலம் உரையாக எடுத்து உள்ளே பொதிகிறது. அந்த ஃபங்ஷன் வெளியே உள்ள இரண்டு பெயர்களைச் சார்ந்தது: எந்த எழுத்துகளைப் பிடிக்க வேண்டும் என்ற ரெஜெக்ஸ், ஒவ்வொன்றையும் மாற்றும் சின்ன ஃபங்ஷன். அவற்றின் வரையறையை ஈஜேஎஸ் ஒரு சரமாகக் கையால் எழுதி வைத்து, டூஸ்ட்ரிங்கின் பின்னால் ஒட்டுகிறது.

மினிஃபையர் என்ன செய்யும்? கோடில் உள்ள பெயர்களைச் சுருக்கும். சரத்துக்குள் இருக்கும் பெயர்களைத் தொடாது, தொடவும் கூடாது. ஆக, ஃபங்ஷன் புதிய குட்டிப் பெயரைக் கேட்கிறது, பக்கத்தில் இருக்கும் வரையறையோ பழைய நீளப் பெயரில் நிற்கிறது.

சாதாரண ரெண்டரில் இது தெரியாது, ஏனென்றால் அங்கே உண்மையான ஃபங்ஷனே கைமாறுகிறது. கிளையன்ட் முறையிலும் டெம்ப்ளேட் <%- %> மட்டும் பயன்படுத்தினால் தெரியாது, அது எஸ்கேப் செய்வதில்லை. <%= %> வந்தால்தான் விழும். சோதனை டெம்ப்ளேட்டை அவசரத்தில் எழுதுபவர்கள் எப்படியோ முதல் வகையில்தான் எழுதுகிறார்கள்!

தீர்வு எளிது. ஈஎஸ்பில்டில் 'மினிஃபை' என்பது மூன்று விருப்பங்களின் கூட்டு: வெற்றிடம், இலக்கணம், பெயர்கள். முதல் இரண்டை மட்டும் கொடுத்து, பெயர்ச் சுருக்கத்தை விட்டுவிடுங்கள். ஃபைல் கொஞ்சம் பெருக்கும். பெருக்கட்டும்.

8. பக்கத்துக்குள்ளேயே ஒட்டுவது

கடைக்காரருக்கு இரண்டு ஃபைல் கொடுத்தால் ஒன்று தொலையும். ஒன்றை மட்டும் வாட்ஸ்அப்பில் இன்னொரு கணினிக்கு அனுப்புவார். அதனால் ஸ்கிரிப்டை எச்டிஎம்எல்லுக்குள்ளேயே ஒட்டிவிடுவது நல்லது. இங்கே இரண்டு கண்ணிகள்.

முதலாவது, ஒட்டும் ஸ்கிரிப்ட். பெரும்பாலோர் எச்டிஎம்எல்லில் ஓர் அடையாளச் சொல் வைத்து, 'ரிப்ளேஸ்' மூலம் அதன் இடத்தில் லைப்ரரி கோடைப் போடுகிறார்கள். ரிப்ளேஸுக்கு இரண்டாவதாகக் கொடுக்கும் சரத்தில் $& என்று வந்தால், 'பிடிபட்ட உரையை இங்கே போடு' என்று அர்த்தம். ஈஜேஎஸ்ஸின் யூடில்ஸ் ஃபைலில், ரெஜெக்ஸ் எழுத்துகளுக்குப் பின்சாய்கோடு சேர்க்கும் ஃபங்ஷனில் அதே $& இருக்கிறது. விளைவு: உங்கள் அடையாளச் சொல் லைப்ரரியின் நடுவில் போய் ஒட்டிக்கொள்ளும்.

அப்படி ஆனாலும் எல்லாம் ஓடும்! அந்த ஃபங்ஷன், டெலிமிட்டரில் (ஈஜேஎஸ் டேகின் எல்லைக் குறியில்) உள்ள சிறப்பு எழுத்துகளுக்கு மட்டும்தான் வேலை செய்கிறது. இயல்பான % சிறப்பு எழுத்து இல்லை. ஆறு மாதம் கழித்து யாராவது டெலிமிட்டரை ? என்று மாற்றும் நாளில் உடையும். ரிப்ளேஸுக்குச் சரத்துக்குப் பதிலாக, சரத்தைத் திருப்பித் தரும் ஃபங்ஷனைக் கொடுங்கள். அப்போது $ குறிக்குச் சிறப்புப் பொருள் கிடையாது.

இரண்டாவது, எழுத்துக் குறியாக்கம். ஈஎஸ்பில்ட் இயல்பாக ஆஸ்கி எழுத்துகளை மட்டும் எழுதும். உங்கள் துணை டெம்ப்ளேட்டில் உள்ள 'மொத்தம்' என்ற சொல் யூனிகோட் எண்களாக மாறி நிற்கும். ஒரு தமிழ்க் குறியீடு யூடிஎஃப்-8-இல் 3 பைட். இந்த எண் வடிவில் 6 பைட். படிக்கவும் முடியாது. பலர் இதைப் பார்த்துப் பயந்து கேரக்டர் செட்டை யூடிஎஃப்-8 என்று மாற்றிவிடுகிறார்கள்.

மாற்றலாம், ஆனால் பக்கத்தின் தலையில் மெட்டா கேரக்டர் செட் இருந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் டிஸ்கிலிருந்து திறக்கும் பிரவுசர் குறியாக்கத்தை ஊகிக்கும், ரசீதில் à ® என்று கொத்துக் கொத்தாக வரும். தனி ஃபைலாகக் கொடுக்கும் லைப்ரரியில் நான் இயல்பையே வைத்துக்கொள்வேன். எந்தப் பக்கத்தில் யார் ஏற்றுவார்கள் என்று நமக்குத் தெரியாது. ஆஸ்கி எங்கேயும் உடையாது.

டெம்ப்ளேட்டைப் பக்கத்திலேயே எழுதுபவர்கள் அதை டிவ்வுக்குள் மறைத்து வைக்காதீர்கள். இன்னர்-எச்டிஎம்எல் மூலம் திரும்ப எடுக்கும்போது < குறி எஸ்கேப் ஆகி வரும், ஈஜேஎஸ்ஸுக்குத் தன் டேக் எதுவும் கண்ணில் படாது. பிரவுசருக்குத் தெரியாத வகைப் பெயர் கொடுத்த ஸ்கிரிப்ட் டேகுக்குள் வைத்து, டெக்ஸ்ட்-கன்டென்டாக எடுங்கள்.

9. சோதனை

வெளியீட்டு ஃபைலை மட்டும் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு வேறு கணினிக்குப் போங்கள். குறைந்தபட்சம் வேறு ஃபோல்டருக்கு. வைஃபையை அணையுங்கள். இருமுறை கிளிக். சொந்த ஃபோல்டரில் ஓடியதைச் சோதனை என்று நான் ஒப்புக்கொள்வதில்லை. அங்கே நோட்-மாட்யூல்ஸ் பக்கத்திலேயே இருக்கிறது.

ஓட்ட வேண்டிய டெம்ப்ளேட்டுகள்: < & " ' நான்கும் உள்ள ஒரு வாடிக்கையாளர் பெயர், <%= %> வழியாக. துணை டெம்ப்ளேட்டுக்குள் துணை டெம்ப்ளேட். டெலிமிட்டரை ? என்று மாற்றிய ஒன்று. கிளையன்ட் முறையில் கம்பைல் செய்த ஒன்று. வேண்டுமென்றே அடைப்பை மூடாத ஒன்று, பிழைச் செய்தி மனிதருக்குப் புரிகிறதா என்று பார்க்க.

அதோடு ஒரு தமிழ் மாறி: <%= பெயர் %>. ஜாவாஸ்கிரிப்டில் தமிழ்ச் சொற்கள் செல்லுபடியாகும் மாறிப் பெயர்கள். புள்ளியும் துணைக்காலும் உட்பட. டெம்ப்ளேட்டை எழுதுவது கணக்குப்பிள்ளை என்றால் இது பெரிய வசதி. ஆனால் தரவு ஆப்ஜெக்டின் பெயரை மாற்றும் விருப்பத்தில் தமிழ் கொடுக்காதீர்கள். அந்த இடத்தில் ஈஜேஎஸ் 3.1.7-இலிருந்து ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு, $ மட்டும்தான் ஏற்கிறது. பாதுகாப்பு ஓட்டையை அடைக்கப் போட்ட வேலி அது.

கன்சோலில், ஏற்றுவதற்கு முன்னும் பின்னும் விண்டோவின் பெயர்ப் பட்டியலை எடுத்து ஒப்பிடுங்கள். 'அச்சு' ஒன்றுதான் கூடியிருக்க வேண்டும்.

10. ஈவால் தடுக்கப்பட்ட இடங்களில்

இங்கே லைப்ரரியையே அனுப்பக் கூடாது. டெம்ப்ளேட்டுகளை உங்கள் கணினியில், நோட்டில், கிளையன்ட் விருப்பத்தோடு கம்பைல் செய்து, கிடைக்கும் ஃபங்ஷனை டூஸ்ட்ரிங்கால் உரையாக்கி, ஒரு பெயருக்கு ஒப்படைக்கும் வரியாக ஃபைலில் எழுதுங்கள். அந்த ஃபைல்தான் வெளியீடு. நோட்டில் ஓடுவது மினிஃபை செய்யாத ஈஜேஎஸ் என்பதால் 7-ஆம் பிரிவின் வெடி இங்கே இல்லை.

'கம்பைல்-டீபக்' விருப்பத்தை அணைத்துவிடுங்கள். இயல்பாக அது எரிந்துகொண்டிருக்கும். பிழை வந்த வரியைக் காட்டுவதற்காக டெம்ப்ளேட்டின் முழு உரையையும் ஃபங்ஷனுக்குள் இன்னொரு முறை வைத்திருக்கும். ஃபைல் பெயர் கொடுத்திருந்தால் உங்கள் கணினியின் ஃபோல்டர் பாதையும் அதோடு ஊருக்குப் போகும்.

இந்த ஃபைலை ஈஎஸ் மாட்யூலாக இம்போர்ட் செய்தால் இலக்கணப் பிழை வரும். காரணம், ஈஜேஎஸ் உருவாக்கும் கோடு 'வித்' என்ற பழைய கட்டளையைப் பயன்படுத்துகிறது; அதனால்தான் <%= பெயர் %> என்று வெறுமனே எழுத முடிகிறது. மாட்யூல்கள் எப்போதும் ஸ்டிரிக்ட் முறையில் ஓடும்; அங்கே வித்துக்கு இடமில்லை. 'ஸ்டிரிக்ட்' விருப்பத்தைக் கொடுத்துக் கம்பைல் செய்தால் வித் போய்விடும். பதிலுக்கு டெம்ப்ளேட்டுகளில் <%= லோக்கல்ஸ்.பெயர் %> என்று எழுத வேண்டும். இதை முதல் நாளே முடிவு செய்யுங்கள். நாற்பது டெம்ப்ளேட் எழுதிய பிறகு மாற்றுவது கொடுமை.

இந்த ஃபங்ஷனுக்குள் இன்க்ளூட் இருந்தால், கூப்பிடும்போது மூன்றாவதாக ஒரு ஃபங்ஷனைக் கொடுங்கள்: தரவு, நல், அப்புறம் பெயரும் தரவும் வாங்கி உரையைத் திருப்பித் தரும் ஃபங்ஷன். முன்பே கம்பைல் செய்த மற்ற ஃபங்ஷன்களை அதிலிருந்து கூப்பிடலாம்.

11. உரிமமும் வெளியீடும்

ஈஜேஎஸ் அப்பாச்சி 2.0 உரிமத்தில் வருகிறது. பதிப்புரிமைக் குறிப்பை விட்டுவைக்க வேண்டும், உரிமத்தின் நகலைக் கொடுக்க வேண்டும். பண்ட்லர் பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடாதீர்கள். ஈஎஸ்பில்ட் காப்பாற்றுவது ஆச்சரியக்குறியோடு தொடங்கும் குறிப்புகளையும், லைசென்ஸ் அல்லது பிரிசர்வ் குறிச்சொல் உள்ளவற்றையும்தான். ஈஜேஎஸ்ஸின் பதிப்புரிமை வரி உள்ள தலைக்குறிப்பு சாதாரணக் குறிப்பாகத் தொடங்குகிறது, அதனால் காணாமல் போகும். 'பேனர்' விருப்பத்தில் அதையும் உங்கள் பதிப்பு எண்ணையும் எழுதிச் சேருங்கள். தலைக்குறிப்பில் ஆண்டு 2112 என்று இருக்கும். தட்டச்சுப் பிழை என்று நினைத்துத் திருத்தாதீர்கள், அங்கே அப்படித்தான் இருக்கிறது.

பேனரில் கட்டிய தேதி, நேரம் போடாதீர்கள். ஒரு பைட் மாறினாலும் ஃபைலின் கைரேகை போன்ற எஸ்எச்ஏ-384 மதிப்பு மாறும். ஸ்கிரிப்ட் டேகில் இன்டெக்ரிட்டி மதிப்பு போட்டு ஏற்றுபவரின் பக்கம், நீங்கள் ஒன்றுமே மாற்றாமல் மறுபடி கட்டிய ஃபைலை ஏற்க மறுத்துவிடும்.

என்பிஎம்மில் வெளியிடுவதானால் பேக்கேஜ்.ஜேசனில் 'ஃபைல்ஸ்' பட்டியலில் வெளியீட்டு ஃபோல்டரை மட்டும் எழுதுங்கள். என்பிஎம் ஃபைல்களை இணையத்தில் நேராக வழங்கும் 'அன்பேக்கேஜ்' சேவைக்கும் 'ஜேஎஸ்டெலிவர்' சேவைக்கும் உரிய புலங்களில் ஒற்றை ஃபைலின் பாதையைக் கொடுங்கள். இல்லையென்றால் அவை வேறு ஃபைலை எடுத்துக் கொடுக்கும். ஈஜேஎஸ்ஸைச் சார்புப் பட்டியலில் அல்ல, மேம்பாட்டுச் சார்புப் பட்டியலில் வையுங்கள். அது ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. ஈஜேஎஸ் 3.1 தன் கமாண்ட்-லைன் கருவிக்காக ஜேக் என்ற பேக்கேஜையும் கூட்டிக்கொண்டு வரும். உங்கள் பயனர் அதைச் சுமக்க வேண்டியதில்லை.

வெளியிடும் முன் என்பிஎம் பேக்கை 'டிரை-ரன்' விருப்பத்தோடு ஓட்டிப் பட்டியலை வரிவரியாகப் படியுங்கள். உரிம ஃபைல் இருக்கிறதா, சோதனைக்கு வைத்த நிஜ வாடிக்கையாளர் பட்டியல் இல்லாமல் இருக்கிறதா என்று பாருங்கள். ஒருமுறை வெளியிட்ட எண்ணில் இன்னொரு முறை வெளியிட என்பிஎம் விடாது. தவறு தெரிந்தால் கடைசி எண்ணைக் கூட்டி மறுபடி கட்டி, பென் டிரைவோடு 9-ஆம் பிரிவிலிருந்து தொடங்குங்கள்.